பாதாம் மாவுக் குக்கி: தட்டில் தெரியும் கோளாறும் கைவைத்தியமும்

அப்பாவுக்குச் சுகர் என்று தெரிந்த பிறகு எங்கள் வீட்டில் மைதாவும் சீனியும் மேல் அலமாரிக்கு ஏறிவிட்டன. நாலு மணி டீயோடு அவருக்கு ஏதாவது கடித்தாக வேண்டும். அதனால் பாதாம் மாவில் குக்கி சுட ஆரம்பித்தேன். முதல் தட்டை ஸ்பூனால் அள்ளித்தான் சாப்பிட்டோம். இரண்டாவது தட்டு மொத்தமும் ஒட்டிக்கொண்டு ஒரே அப்பளம். மூன்றாவதில் அப்பா ஒரு கடி கடித்துவிட்டு, "என்னம்மா, வாய்க்குள்ள ஐஸ் வெச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இப்போது வாரத்துக்கு இரண்டு தட்டு சுடுகிறேன். தெரிந்தவர்கள் போனில் படம் அனுப்பிக் கேட்பதும் இதே ஏழெட்டுக் கோளாறுகளைத்தான். உங்கள் தட்டில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலிலும் பணம் கேட்கும் காரணத்தைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். மேலே உள்ளதைச் சோதிக்காமல் கீழே தாவாதீர்கள். நான் தாவினேன், இன்னும் பிரிக்காத ஒரு சாந்தன் கம் (மாவை ஒட்டவைக்கும் பசைப் பொடி) பாக்கெட் அலமாரியில் கிடக்கிறது.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமே. என்னுடையது இது: பாதாம் மாவு 200 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 70 கிராம், பொடித்த எரித்ரிட்டால் (சீனிக்குப் பதில் போடும் இனிப்பு) 60 கிராம், முட்டை 1, பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு. 20 குக்கி வரும். ஓடிஜியில் (மேடைமேல் வைக்கும் சின்ன மின்சார அவன்) 160 டிகிரி, 12 முதல் 14 நிமிடம். கப் கணக்கு வேண்டாம், தராசு வைத்துக்கொள்ளுங்கள். பாதாம் மாவை அழுத்தி நிரப்பிய கப்புக்கும் தளர்வாக நிரப்பிய கப்புக்கும் உள்ள வித்தியாசமே ஒரு தட்டைக் கெடுக்கப் போதும்.

தொட்டால் பொடிப்பொடியாக உதிர்கிறது

*சூடாக இருக்கும்போது மட்டும் உதிர்கிறதா?*

இது கோளாறே இல்லை. மைதாவில் இருக்கும் இழுவை பாதாமில் கிடையாது. சூட்டில் வெண்ணெய் உருகி நிற்கும்போது குக்கியைப் பிடித்து வைக்க உள்ளே ஒன்றுமில்லை. அவனிலிருந்து எடுத்த தட்டை அப்படியே 20 நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு ஒரு குக்கியின் ஓரத்தை விரல் நுனியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். முழுசாக வழுக்கி நகர்ந்தால் எடுக்கலாம். விரல் அமுங்கினால் இன்னும் ஐந்து நிமிடம். எனக்கு வரும் படங்களில் பாதிக்கு மேல் பொறுமையில்லாமல் எடுத்த குக்கிதான்.

*நன்றாக ஆறிய பிறகும் உதிர்கிறதா?*

ஓரத்தைப் பாருங்கள். இளம்பொன் நிறம் கொஞ்சம்கூட ஏறவில்லை என்றால் வேகவில்லை. அடுத்த தட்டுக்கு மூன்று நிமிடம் கூட்டுங்கள். ஏற்கெனவே ஆறியதையும் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் திரும்ப வைத்து ஆறவிடலாம், ஓரளவு தேறும்.

நிறம் சரியாக இருந்தும் உதிர்ந்தால் மாவைச் சந்தேகப்படுங்கள். ஒரு சிட்டிகை மாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பாருங்கள். ரவை மாதிரி உருண்டால் கொரகொரப்பு அதிகம். அந்த மாவு ஒன்றோடொன்று ஒட்டாது. வீட்டில் அரைப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலுரித்த பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஓடவிடாமல் விட்டு விட்டு ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அரைத்துச் சலியுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் ஜாரின் அடியில் எண்ணெய் விட்டு வெண்ணெயாகிவிடும். அதைக் குக்கிக்கு எடுக்காதீர்கள், தோசைக்குத் தடவிக்கொள்ளலாம்.

அடுத்தது முட்டை. ஓடு நீங்கலாக 45 முதல் 50 கிராம் இருக்க வேண்டும். நாட்டுக்கோழி முட்டை பெரும்பாலும் அவ்வளவு தேறாது. இன்னொரு மஞ்சள் கருவைச் சேர்த்தால் சரியாகிவிடும். முட்டை சாப்பிடாத வீட்டில் ஆளி விதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன், தண்ணீர் மூன்று டேபிள்ஸ்பூன் கலந்து பத்து நிமிடம் வைத்தால் வழுவழுவென்று கெட்டியாகும். அதுவே ஒரு முட்டைக்குச் சமம். குக்கி கொஞ்சம் பழுப்பாக வரும், வேறு குறை இல்லை.

வெண்ணெய்க்குப் பதில் நெய் விட்டீர்களா? நெய்யில் தண்ணீரே இல்லை. வெண்ணெயில் ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட தண்ணீர். அளவை அப்படியே மாற்றினால் நான்கட்டாய் மாதிரி வாயில் கரையும், கையிலும் கரையும். 70 கிராம் வெண்ணெய்க்கு 56 கிராம் நெய், கூடவே இரண்டு டீஸ்பூன் தண்ணீர் என்று மாற்றுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் உதிர்ந்தால் சாந்தன் கம் கால் டீஸ்பூன் வாங்கிப் போடுங்கள். அதற்கு மேல் போட்டால் ஜவ்வு மாதிரி இழுக்கும்.

பரவி அப்பளமாகிறது

தூத்துக்குடி வெயிலில் சமையலறை மேடையிலேயே வெண்ணெய் உருகிவிடும். உருண்டை பிடிக்கும்போது உள்ளங்கை பளபளவென்று எண்ணெயாகிறதா என்று பாருங்கள். ஆகிறது என்றால் மாவை முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். முதல் தட்டு வெந்து வந்த சூட்டோடு அதே தட்டில் அடுத்த ஈட்டை அடுக்குவதும் இதே தப்புதான். தட்டின் பின்புறத்தில் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு ஆற வைத்து, துடைத்துவிட்டு அடுக்குங்கள்.

ஃபிரிட்ஜில் வைத்தும் பரவுகிறதா? வெண்ணெய் எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். வீட்டில் கடைந்ததோ பால்காரர் கொடுத்ததோ என்றால் அதில் மோர்த் தண்ணீர் நிறைய இருக்கும். கரண்டியின் பின்புறத்தால் அழுத்துங்கள். முத்துமுத்தாக நீர் கசிந்தால் மெல்லிய துணியில் பிழிந்துவிட்டு எடைபோடுங்கள். கடையில் வாங்கிய உப்பு வெண்ணெய் என்றால் பரவலுக்கு அது காரணமில்லை. உப்புச் சிட்டிகையை மட்டும் விட்டுவிடுங்கள்.

இனிப்பைக் கைக்குக் கூட்டிப் போட்டாலும் பரவும். எரித்ரிட்டால் சூட்டில் உருகித் தண்ணீராகும் பொருள்.

இதில் எதுவுமில்லை என்றால் அவனில் சூடு போதவில்லை. குக்கி இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் உருகி ஓடுகிறது. கீழே 'ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு மாதிரியா?' என்ற இடத்தில் சீனி சோதனை இருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

பரவவே இல்லை, தொண்டையை அடைக்கிறது

பாதாம் மாவு உருண்டையாக வைத்தால் உருண்டையாகவே வேகும். தட்டில் வைத்த பிறகு டம்ளரின் அடியால் அரை அங்குல கனத்துக்கு அழுத்துங்கள். டம்ளருக்கும் மாவுக்கும் நடுவில் ஒரு துண்டு பேப்பர் வைத்தால் ஒட்டாது.

தொண்டையை அடைப்பது வேறு. அதற்குக் காரணம் பெரும்பாலும் தேங்காய் மாவு. விலை குறைவு என்று பாதாமுக்குப் பதில் அதே அளவு தேங்காய் மாவைப் போட்டுவிடுகிறார்கள். அது தண்ணீரை உறிஞ்சுகிற வேகமே தனி. பாதாம் மாவில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குதான் போட வேண்டும், முட்டையையும் கூட்ட வேண்டும். இன்னும் சுடவில்லை என்றால் மாவைக் காப்பாற்றலாம்: ஒரு டீஸ்பூன் பாலேடு சேர்த்துப் பிசைந்து ஐந்து நிமிடம் வையுங்கள், உருட்டும்போது விரிசல் விட்டால் இன்னொரு டீஸ்பூன். சுட்டாகிவிட்டது என்றால் பொடித்து வைத்துக்கொண்டு தயிரில் தூவிச் சாப்பிடுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 60 கிராம் எரித்ரிட்டாலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு சிட்டிகை ஸ்டீவியா (இலையிலிருந்து எடுக்கும் கடும் இனிப்பு) போட்டால் இனிப்பு வரும், ஆனால் மாவில் 60 கிராம் குறைந்துவிடும். உருகி இளக்கிக்கொடுக்க ஆளில்லாமல் குக்கி வறண்டுதான் போகும்.

நிறம் சரியில்லை

*மொத்தமும் வெளுப்பாக இருக்கிறதா?*

எரித்ரிட்டால் சீனி மாதிரி சிவக்காது. நடுப்பாகம் பொன்னிறமாகட்டும் என்று காத்திருந்தால் அடி கருகும். ஓரத்தில் மெல்லிய கோடாக நிறம் ஏறினால் எடுத்துவிடுங்கள். பார்வைக்கு நிறம் வேண்டும் என்றால் கடைசி இரண்டு நிமிடம் மேல் ராடை மட்டும் எரியவிடலாம். கதவுக்கு முன்னாலேயே நிற்க வேண்டும், போன் வந்தாலும் நகரக் கூடாது.

*அடி மட்டும் கருகுகிறதா?*

தட்டை நடு அடுக்குக்கு ஏற்றுங்கள். கறுப்பு மெல்லிய தகரத் தட்டு என்றால் அடியில் இன்னொரு தட்டை வைத்து இரட்டையாக்குங்கள். விரித்த காகிதத்தையும் பாருங்கள். கடையில் பட்டர் பேப்பர் என்று கேட்டால் சாண்ட்விச் சுற்றுகிற மெல்லிய தாளைக் கொடுத்துவிடுவார்கள். அது அவனில் புகையும், குக்கியோடு ஒட்டிக்கொண்டு வரும். பேக்கிங் பேப்பர் என்று கேட்டு, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

*ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வெளுத்திருக்கிறதா?*

பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள். சின்ன ஓடிஜிக்களில் பின்மூலை எப்போதும் சூடு கூடுதல். எந்த மூலை என்று தெரிய, தட்டு நிறைய பிரெட் துண்டுகளை அடுக்கி 180 டிகிரியில் வையுங்கள். எது முதலில் சிவக்கிறதோ அந்த இடம். நம் வீட்டில் பிரெட் கிடையாது என்றால் பக்கத்து வீட்டுக்கு டோஸ்ட் போட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கி வாருங்கள்.

*ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு மாதிரியா?*

இது அவனின் கோளாறு. முதலில் சும்மா பாருங்கள்: மேல், கீழ் இரண்டு ராடும் எரியும்படி குமிழைத் திருப்பியிருக்கிறீர்களா, 15 நிமிடம் முன்சூடு கொடுத்தீர்களா, கதவு இறுக்கமாக மூடுகிறதா.

அப்புறம் சீனி சோதனை. மேல் அலமாரியில் சும்மா இருக்கும் சீனிக்கு ஒரு வேலை. அலுமினியத் தாளில் சின்னக் கிண்ணம் செய்து ஒரு டீஸ்பூன் சீனி போட்டு, முன்சூடான அவனில் 175 டிகிரி வைத்து 15 நிமிடம் விடுங்கள். உருகக் கூடாது. பிறகு புதிதாகச் சீனி போட்டு 190 டிகிரியில் 15 நிமிடம். உருகத் தொடங்க வேண்டும். 175-இலேயே உருகினால் உங்கள் அவன் குமிழ் சொல்வதைவிடச் சூடு. 190-இலும் மணல் மாதிரி அப்படியே இருந்தால் சூடு குறைவு. எனக்கு 175-இலேயே ஓரம் கண்ணாடியாகிவிட்டது. இத்தனை நாள் அடி கருகியதற்கு மாவைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது குமிழை 145-இல் வைக்கிறேன், அவ்வளவுதான்.

துல்லியமாக வேண்டும் என்றால் உள்ளே தொங்கவிடும் அவன் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். புது அவனின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை. வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் குமிழில் கூட்டிக் குறைத்துச் சமாளிக்கலாம். இன்று 20 டிகிரி கூடுதல், நாளை 30 டிகிரி குறைவு என்று ஆடினால் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் போய்விட்டது, மெக்கானிக் வேலை. ஒரு ராடு சிவக்கவே இல்லை என்றாலும் அப்படித்தான்.

எலக்ட்ரீஷியனை உடனே கூப்பிட வேண்டிய இடமும் இருக்கிறது. 2000 வாட் ஓடிஜி எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டுகிறவர்கள் நிறைய. பிளக் தொட்டால் சுடுகிறது, மெயின் போர்டில் எம்சிபி சுவிட்ச் விழுகிறது, ஓடிஜியின் வெளித்தகட்டைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது என்றால் அந்த நிமிஷமே நிறுத்துங்கள். கழற்றிப் பார்க்கிற வேலை நமக்கு வேண்டாம். ஆள் வந்து 16 ஆம்பியர் சாக்கெட்டும் எர்த்தும் பார்த்துச் சொல்லும் வரை குக்கி இல்லாமல் டீ குடிக்கலாம்.

வாயில் சரியில்லை

*நாக்கில் சில்லென்கிறதா?*

அது எரித்ரிட்டாலின் குணம், வாயில் கரையும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். முழுசாகப் போகாது. அளவில் கால் பங்கைக் குறைத்து, குறைந்த இனிப்பை ஸ்டீவியா சில துளிகளால் ஈடுகட்டினால் பெருமளவு மறையும். சுக்கு, ஏலக்காய், பட்டை போட்ட குக்கியில் அவ்வளவாகத் தெரியாது. அப்பாவுக்கு நான் கடைசியில் கண்டுபிடித்த வழி சுக்குதான். 'மாங்க் ஃப்ரூட்' என்ற பழத்தின் இனிப்பு என்று விற்பதை வாங்கினால் போய்விடும் என்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பலவற்றில் பெரும்பங்கு எரித்ரிட்டாலேதான் இருக்கும்.

*நறநறக்கிறதா?*

எரித்ரிட்டாலை மிக்ஸியில் பொடித்துச் சலித்துப் போடுங்கள். மூடியை உடனே திறக்காதீர்கள், தூள் மூக்கில் ஏறினால் அரை மணி நேரம் தும்மல்.

*கசக்கிறதா?*

ஸ்டீவியா கூடிவிட்டது, அல்லது பேக்கிங் பவுடர் என்று சோடாவைப் போட்டுவிட்டீர்கள். இரண்டும் இல்லை என்றால் மாவில் காறல். பாதாமில் பாதி எண்ணெய். வெளியில் வைத்தால் நம் ஊர் வெயிலுக்குச் சீக்கிரம் காறிவிடும். முகர்ந்து பார்த்துப் பழைய எண்ணெய் வாடை வந்தால் கொட்டிவிடுங்கள். புதுசை ஃப்ரீசரில் வையுங்கள்.

உள்ளே பச்சை நிறமாக இருக்கிறது

பாதாம் விலைக்குப் பயந்து சூரியகாந்தி விதையை அரைத்துப் போட்டவர்களுக்கு மட்டும் வரும் விந்தை இது. சுட்ட அன்று சாதாரணமாக இருக்கும். மறுநாள் உடைத்தால் உள்ளே கொத்தமல்லிச் சட்னி நிறம். பூஞ்சை என்று பயந்து ஒரு தோழி டப்பாவோடு குப்பையில் போட்டுவிட்டாள். விதையில் உள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவோடு சேர்ந்தால் பச்சையாகும், கெடுதல் ஒன்றுமில்லை. சோடாவைக் குறைத்து ஒரு டீஸ்பூன் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் வராது. ஆனால் நிறம் மேற்பரப்பில் திட்டுத்திட்டாக, பஞ்சு மாதிரி இருந்தால் அது பூஞ்சையேதான், தூக்கிப் போடுங்கள். இசப்கோல் சேர்த்தது ஊதாவாக மாறினால் பிராண்டை மாற்றிப் பாருங்கள்.

மறுநாளே நமுத்துப்போகிறது

சூடு முழுசாகப் போகும் முன்பே டப்பாவில் அடைத்திருப்பீர்கள். இரண்டு மணி நேரம் கம்பி வலையில் ஆறவிட்டு அடையுங்கள். கடலோர ஊர் என்றால் அதுவும் போதாது. எங்கள் ஊர் மக்ரூனே டப்பாவைத் திறந்து வைத்தால் தளர்ந்துவிடும். நமுத்ததை 120 டிகிரியில் ஏழெட்டு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்பு திரும்பும். நேர்மாறாகக் கல்லாக இறுகுகிறது என்றால் எரித்ரிட்டால் மறுபடி படிகமாகிறது. பத்து கிராம் குறையுங்கள். மெத்தென்று வரும் என்று சிலர் சைலிட்டால் என்ற இன்னொரு சீனி மாற்றுக்கு மாறுகிறார்கள். நாய் வளர்க்கும் வீட்டில் அதைக் கொண்டுவரவே வேண்டாம், கொஞ்சம் தின்றாலே நாய்க்கு உயிர்போகும் விஷம்.

சாப்பிட்ட பிறகு வரும் கோளாறு

*வயிறு உப்புகிறதா, கழிகிறதா?*

எத்தனை சாப்பிட்டீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். இரண்டுக்கு மேல் என்றால் விடை கிடைத்துவிட்டது. இரண்டிலேயே என்றால் இனிப்பு எது என்று பாருங்கள். மால்டிட்டாலும் சைலிட்டாலும் எரித்ரிட்டாலைவிட வயிற்றை அதிகம் படுத்தும். 'சுகர் ஃப்ரீ' சாக்லேட் துண்டுகளில் மால்டிட்டால் இருப்பது சகஜம்.

*குளூக்கோமீட்டரில் ஏறுகிறதா?*

என் அளவுக்கு ஒரு குக்கியில் நார்ச்சத்தும் எரித்ரிட்டாலும் போக மாவுச்சத்து ஏறக்குறைய 1 கிராம். அதனால் இரண்டு குக்கிக்கு மீட்டர் தாவினால் வேறு ஏதோ உள்ளே வந்திருக்கிறது. நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பேரீச்சை மூன்றும் மீட்டருக்குச் சீனிதான். பொட்டுக்கடலை மாவு, ஓட்ஸ், கேழ்வரகு சேர்த்தாலும் இது குறைந்த மாவுச்சத்துக் குக்கி இல்லை. ஸ்டீவியா சாஷேவின் பின்பக்கத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின், டெக்ஸ்ட்ரோஸ் என்று இருக்கிறதா பாருங்கள், இரண்டும் மீட்டரை ஏற்றுபவை. எல்லாம் சுத்தம் என்றால் ஒரு நாள் டீ, பால் எதுவும் இல்லாமல் இரண்டு குக்கி மட்டும் சாப்பிட்டு, முன்பும் இரண்டு மணி நேரம் கழித்தும் குத்திப் பாருங்கள். அப்பாவுக்கு ஏறியது குக்கியால் அல்ல. கூடவே நைசாக எடுத்த மிக்சரால்.

எடை குறையவில்லை என்று கேட்பவர்களுக்கு: ஒரு குக்கியில் 85 கலோரிக்குப் பக்கம் இருக்கிறது. மாவுச்சத்துதான் குறைவு, வெண்ணெயும் பாதாமும் குறைவில்லை.

மருத்துவரிடம் கேட்காமல் தொடரக் கூடாத ஆட்கள் சிலர் இருக்கிறார்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுப்பவர் சோறு, இட்லியையும் சேர்த்துக் குறைத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். டபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால், மீட்டரில் பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வந்தால் நேரே ஆஸ்பத்திரி. இதய நோய் உள்ளவர்கள் எரித்ரிட்டாலைப் பற்றியும் கேளுங்கள். 2023-இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த ஆய்வில், ரத்தத்தில் அது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக வந்திருந்தன. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் அப்பாவுக்கு நாளைக்கு இரண்டு, அதற்கு மேல் டப்பாவை நான் எடுத்து வைத்துவிடுவேன். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது நீங்கள் போடும் இனிப்புப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்துக்கொண்டு போங்கள். பெயர் சொல்லி விளக்குவதைவிட அது சுலபம்.